கல்பாக்கத்தில் அலை புகுந்த காலை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திரா அருகே ஏற்பட்ட நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலைகள் காலை 9 மணியளவில் நம் கரையைத் தாக்கின. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, இன்று செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள கல்பாக்கத்தில் அணுமின் நிலையப் பணியாளர் நகரியத்திற்குள்ளும் கடல் புகுந்தது, பலர் உயிரிழந்தனர்.

அன்று நிலையத்தின் இரண்டாம் அணு உலை இயங்கிக்கொண்டிருந்தது. குளிர்விப்புக்கான கடல்நீர், கடலடிச் சுரங்கத்தின் வழியே நிலையத்தின் நீரேற்று அறைக்கு வரும். அதே வழியில் பெருகிய வெள்ளம் நீரேற்று அறையை மூழ்கடிக்க, நீராவியைக் குளிர்விக்கும் பம்புகள் செயலிழந்தன. உலையை நிறுத்தினாலும் அதன் வெப்பம் உடனே அடங்காது. தொடக்கத்தில் முழுத்திறனில் ஏறத்தாழ 6 விழுக்காடு எஞ்சியிருக்கும். நிறுத்துவதோடு, தொடர்ந்து குளிர்விப்பதும் கட்டாயம். உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, குளிர்விப்பும் தொடர்ந்தது. 2005 ஜனவரி 2 அன்று அது மீண்டும் இயக்கப்பட்டது.

அன்று இந்தியப் பெருங்கடலில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. எனினும் பம்புகள் நின்றால் செய்ய வேண்டியவை முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. காரணம் புதிது; விளைவோ முன்பே பயின்றது. இத்தகைய கட்டுப்பாட்டு அறைப் பணிக்குத் தேர்வும் நேர்காணலும் கடந்து உரிமம் பெற வேண்டும். அந்த உரிமமும் நிலையானதன்று. குறிப்பிட்ட காலத்திற்குப் பின் மீண்டும் தகுதியை நிறுவ வேண்டும். நெருக்கடியில் நிதானம் என்பது அந்நொடியில் பிறக்கும் துணிவன்று. அமைதியான நாள்களில் சலிப்பின்றிச் செய்த பயிற்சியின் பலனே.

பயிற்சி மட்டும் போதும் என்றும் நாம் கருதலாகாது. கல்பாக்கத்தில் மின்சாரம் தடைபடவில்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் வெளிமின்சாரம் அறுந்தது. அவசரகால மின்னாக்கிகளும் வெள்ளத்தில் முடங்கின. தேர்ந்த பணியாளர்கள் இருளில் போராடியும் மூன்று உலைகள் உருகின. மனிதரின் திறமைக்குத் தாங்குதளமாக நல்ல ஏற்பாடுகளும் வேண்டும்.

மருத்துவமனையிலோ, வாகனத்தின் சக்கரத்தின் முன்னோ, பிறர் உயிர் தம் கையில் இருக்கும் பணிக்கு நம் பிள்ளைகள் செல்லக்கூடும். அப்பணி ஓர் அமானிதம். “பதறாதே” என்று சொல்வதோடு நம் கடமை முடிவதில்லை. தவறினாலும் தீங்கு நேராத இடத்தில் திரும்பத் திரும்பப் பழகவும், தெரியாததைத் தயங்காமல் கேட்கவும் அவர்களுக்கு இடமளிப்போம். அலை வரும் நாளை நாம் அறியோம். அலையில்லாத இன்றைய நாள் நம் கையில் இருக்கிறது.