கடலுக்குப் போகக் கரையில் வாங்கும் கடதாசி

எங்கட பட்ச்சில ஒருவரின் அண்ணா கப்பல் வேலைக்குப் போவதற்காக ஒரு ஃபைல் நிறையக் கடதாசி சேர்த்து வைத்திருக்கிறார். பயிற்சிச் சான்றிதழ் இருக்கு, மெடிக்கலும் சரி. பொலிஸ் றிப்போட் எண்ட கட்டம் வந்ததும்தான் வீட்டில ஒருத்தருக்கும் நித்திரையில்லை. கனகாலத்துக்கு முதல் ஒரு அடிபாட்டு வழக்கில் தண்டப்பணம் கட்டினவர். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து எங்களுக்கு ஒரு கேள்வி: வேலை தெரிந்தவனா என்று பார்க்கிற கடதாசி, எப்போதிருந்து ஆளின் பழைய கணக்கையும் கேட்கத் தொடங்கியது? தேடிப் போனபோது அமெரிக்காவின் கதைதான் அதிகம் கிடைத்தது. அங்கே மாலுமிகள் இதை வேலைநிறுத்தமாகவும் வழக்காகவும் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு விசித்திரம். மாலுமிக்கு வேலையை விட்டுப் போவதே ஒரு காலத்தில் குற்றம். 1895இல் ‘அராகோ’ என்ற கப்பலில் இருந்து நான்கு பேர் ஓறிகன் மாநிலத்தின் அஸ்டோரியாவில் இறங்கிப் போனார்கள். பிடித்துச் சிறையில் வைத்து, கப்பல் புறப்படும்போது திரும்பவும் ஏற்றினார்கள். அடிமைமுறையை ஒழித்த 13ஆவது திருத்தம் தங்களுக்கும் பொருந்தும் என்று அவர்கள் வாதாடினார்கள். 1897இல் உச்ச நீதிமன்றம் பொருந்தாது என்றது. மாலுமிகள் பொறுப்புக் குறைந்தவர்கள், சிறுபிள்ளைகளைப் போலப் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் என்கிற தொனி அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பாதுகாப்பு என்று சொல்லித்தான் மறியலில் போட்டிருக்கிறார்கள்! 1915இன் மாலுமிகள் சட்டம் வந்த பிறகே இந்தச் சிறைத்தண்டனை முழுதாக நின்றது.

சிறை போனதும் புத்தகம் வந்தது. 1936இல் ஒவ்வொரு பயணத்தையும் தொடர்ச்சியாகப் பதியும் ஒரே புத்தகத்தைக் கட்டாயமாக்கினார்கள். மாலுமிகள் அதற்கு வைத்த பெயர் ‘ஃபிங்க் புக்’, அதாவது காட்டிக்கொடுப்பவனின் புத்தகம். காரணம் லேசாக விளங்கும். எந்த மாதத்தில் கப்பல் ஏறவில்லை, எந்த வேலைநிறுத்தத்தில் நின்றிருப்பான் என்பதைப் புத்தகத்தின் வெற்றிடமே அடுத்த கப்பல்காரனுக்குச் சொல்லிவிடும். எதிர்ப்புப் பலமாக இருந்ததால் 1937இல் சட்டத்தைத் திருத்தினார்கள். புத்தகம் வேண்டாம் என்பவர் அடையாளச் சான்றிதழும் பயணத்துக்கொரு தனித் துண்டும் வைத்துக்கொள்ளலாம்.

1950இல் கொரிய யுத்தம் தொடங்கியதும் நிலைமை மோசமானது. மக்னுசன் சட்டத்தின் கீழ் கடலோரக் காவல் படை மாலுமிகளைச் சலித்தெடுத்தது. ‘பாதுகாப்புக்கு ஆபத்து’ எண்டு முடிவெடுத்தால் சரி, வேலை போய்விடும். ஆர் சொன்னது, என்ன சொன்னது எண்டு கேட்டால் பதிலில்லை. கறுப்பின உறுப்பினர்கள் நிறைந்திருந்த, கப்பல் சமையற்காரர் பரிசாரகர் சங்கம் இதில் கடுமையாக அடிபட்டது. ‘பார்க்கர் எதிர் லெஸ்டர்’ வழக்கில்தான், 1955இல், மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்த முறை அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. குற்றச்சாட்டைத் தெரியாமல் ஒருவர் எதை மறுப்பது? 1968இல் ‘ஷ்னைடர் எதிர் ஸ்மித்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. ஒருவரின் நம்பிக்கைகளையும் அவர் இருந்த அமைப்புகளையும் கிண்டிக் கிளற இந்தச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்றது.

இந்தக் காலத்தில் அகப்பட்டவர்களில் ஹியூ முல்சாக்கை எங்களால் மறக்க முடியவில்லை. கரீபியன் தீவொன்றில் பிறந்த கறுப்பினத்தவர். 1918இலேயே கப்டன் லைசென்ஸ் எடுத்தார். நிறத்தைப் பார்த்து ஒருவரும் பெரிய கப்பல் கொடுக்கவில்லை, இருபது வருடத்துக்கு மேல் கீழ்நிலை வேலைகள்தான். 1942இல் ‘புக்கர் டி. வாஷிங்டன்’ கப்பல் கிடைத்தபோதும், எல்லா நிறத்தவரும் கலந்த மாலுமிகள் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். யுத்த காலத்தில் 22 தடவை போய்வந்து 18,000 படையினரை ஏற்றி இறக்கினார். யுத்தம் முடிந்ததும் அவருடைய அரசியலைக் காரணம் காட்டிக் கறுப்புப் பட்டியலில் போட்டார்கள். 1960இல் ஒரு நீதிபதி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது வயது 74. கிடைத்தது இரவுக் காவல் பார்க்கும் துணை அதிகாரி வேலை.

அப்ப ஒண்டையும் பார்க்கவே கூடாதா எண்டு எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. 1989 மார்ச் 24இல் ‘எக்ஸொன் வால்டெஸ்’ எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவில் பாறையில் ஏறியது. அதன் கப்டன் ஹேசல்வுட்டின் கார் லைசென்ஸ் அப்போது குடிபோதையில் ஓட்டியதற்காக இடைநிறுத்தப்பட்டிருந்தது. கார் ஓட்டக் கூடாத ஆள் 300 மீற்றர் நீளக் கப்பலின் பொறுப்பில்! (போதையில் கப்பல் செலுத்தினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது என்பதையும் சொல்லத்தான் வேணும்.) 1990இன் எண்ணெய் மாசுச் சட்டத்தோடு மாலுமிகளின் சாரதிப் பதிவையும் பார்க்கத் தொடங்கினார்கள். பல மாநிலங்களில் தண்டப்பணம் கட்டாதவரின் கார் லைசென்ஸும் இடைநிறுத்தப்படுவது வழக்கம். ஆனால் மாலுமிப் பத்திரத்துக்கு முக்கியமாகப் பார்ப்பது குடி, போதைப்பொருள், ஆபத்தாக ஓட்டியது ஆகியவற்றைத்தான். இந்த வேறுபாடு எங்களுக்கு நியாயமாகப் படுகிறது. காசில்லாததும் குடிச்சிட்டு ஓட்டினதும் ஒண்டில்லை.

இன்று அங்கே குற்றப்பதிவு உள்ளவருக்குக் கதவு முழுதாக மூடப்படுவதில்லை. குற்றத்துக்குக் குற்றம் ஆகக்குறைந்த காலமும் ஆகக்கூடிய காலமும் எழுதி வைத்திருக்கிறார்கள். சாதாரண அடிபாட்டுக்கு 1 முதல் 5 வருடம், திட்டமிட்ட கொலைக்கு 7 முதல் 20. செப்டெம்பர் 11க்குப் பிறகு வந்த துறைமுக அட்டைக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் பல குற்றங்களுக்கு, தீர்ப்பு வந்து 7 வருடமும் சிறையிலிருந்து வெளியே வந்து 5 வருடமும் கடக்க வேண்டும். தேசத்துரோகம், உளவு போன்றவற்றைத் தவிர மற்றவற்றுக்கு விலக்குக் கேட்கலாம், மறுத்தால் மேன்முறையீடும் செய்யலாம். கடுமையான பட்டியல்தான். எண்டாலும் எத்தனை வருடம் பொறுக்க வேணும் எண்டு விண்ணப்பிக்கிற ஆளுக்கே முதலில் தெரியும். 1950இல் அது தெரியாது.

இதை அந்த அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினோம். “எங்களுக்கும் இப்பிடி ஒரு அட்டவணை இருக்கோ?” என்று கேட்டார். றிப்போட் இன்னும் வரவில்லை.