சதுரங்க ஆட்டக்கோப்பில் கணினி ஆய்வு: சான்று மதிப்புக் குறித்து

கொங்கு மண்டலச் சதுரங்க வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு முதன்மையான சான்றுகளுள் ஒன்று பிஜிஎன் எனும் ஆட்டக்கோப்பு. 2019இல் கிராண்ட்மாஸ்டரான ஈரோட்டு ப. இனியனின் ஆட்டங்கள் பெரும்பாலும் இவ்வடிவிலேயே கிடைக்கின்றன. ஸ்டீவன் எட்வர்ட்ஸ் 1993இல் முன்வைத்த இவ்வடிவம் மாற்று வரிசைகளைப் பிறை அடைப்பிலும் கருத்துரையை நெளிவு அடைப்பிலும் பதிகிறது. கணினிப் பொறியின் மதிப்பீடும் அந்நெளிவு அடைப்புக்குள்ளேயே சென்று சேர்கிறது. சிக்கல் இங்குதான்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், குகேசுக்கு எதிரான 14ஆம் ஆட்டத்தின் 55ஆம் நகர்த்தலில் டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். அதன்பின் $4 எனக் குறித்தால் 'பெரும்பிழை' என்று பொருள். அத்தீர்ப்பு உரைகாரருடையதா, ஸ்டாக்ஃபிஷ் பொறியினுடையதா என்பதைக் குறி சொல்லாது. கட்டாயத் தலைப்புகள் ஏழும் போட்டி, இடம், நாள், சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு என்பனவே. உரைகாரர் பெயர்கூட விருப்பத் தலைப்புதான். மூலமும் உரையும் கலந்துபோன ஏடுகளைக் கண்ட தமிழாய்வாளர்க்கு இது புதிதன்று.

புதிய பொறி மறு ஆய்வு செய்து அதே கோப்பில் சேமித்தால் பழைய மதிப்பீடு அழியக்கூடும். ஆடிய காலத்தில் அறியப்பட்டது எது, பின்னர் வந்தது எது எனப் பிரிக்க இயலாது. எனவே உரையற்ற மூலக்கோப்பைத் தனியே காத்து, ஆய்வுக்கோப்பின் முதல் கருத்துரையிலேயே பொறியின் பெயர், பதிப்பு, தேடல் ஆழம், ஆய்வு நாள் ஆகியவற்றைப் பதிதல் வேண்டும்.