ஒரே பாத்திரத்தில் மாட்டிறைச்சி பாஸ்தா: மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஓர் இரவு உணவு

மக்ரிப் தொழுகை முடிந்து சற்று நேரத்தில், உணவு கொண்டுவரும் இருசக்கர வாகனங்கள் நம் தெருக்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைவதைப் பார்க்கிறோம். பிள்ளைகள் பாஸ்தா வேண்டும் என்கிறார்கள். பெற்றோர் கைபேசியில் ஆர்டர் செய்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் இறைச்சியை யார் அறுத்தது, எப்படி அறுத்தது என்று விசாரிக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. நம்மிடம் கேள்வி வருவதும் பெரும்பாலும் சாப்பிட்டு முடித்த பிறகுதான்: "ஹஜ்ரத், அது கூடுமா, கூடாதா?"

அதே உணவை வீட்டில் ஒரே பாத்திரத்தில் ஏறத்தாழ ஐம்பது நிமிடத்தில் செய்துவிடலாம். நம் பகுதியில் மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. மக்ரிப் தொழுதுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால் இஷா பாங்குக்கு முன் சாப்பாடு தயாராகிவிடும். கழுவ வேண்டியதும் ஒரு பாத்திரம்தான்.

ஓர் ஆலிம் சமையல் குறிப்பு எழுதுவதா என்று சிலர் சிரிக்கக்கூடும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் தெரிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. சிரிப்பவர்கள் கத்தியையும் வெங்காயத்தையும் எடுத்துக்கொண்டு உட்காரலாம்.

பாஸ்தா அந்நிய உணவா?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சாப்பாடு, நமக்கெதற்கு?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. சிசிலித் தீவு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. பிறகு அதை ஆண்ட நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜருக்காக முஸ்லிம் புவியியலாளர் அல்இத்ரீஸி 1154-இல் ஒரு நூலை எழுதி முடித்தார். பலெர்மோவுக்கு அருகிலுள்ள தரபியா என்ற ஊரில் 'இத்ரிய்யா' என்ற மாவுப் பண்டம் பெருமளவில் தயாராகி, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலில் போவதாக அதில் குறிப்பிடுகிறார். கோதுமை மாவை இழைகளாக்கி உலர்த்தியதுதான் இத்ரிய்யா. அந்தச் சொல்லின் எச்சமாக, தென் இத்தாலியில் ஒரு வகை பாஸ்தாவை இன்றும் 'திரியா' என்றே அழைக்கிறார்கள். மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படும் கதையில் அவர் ஊர் திரும்பிய ஆண்டு 1295. இத்ரீஸியின் குறிப்பு அதற்கு 141 ஆண்டுகள் முந்தையது.

கோதுமையும் இறைச்சியும் ஒரே பாத்திரத்தில் சேர்வதும் நமக்குப் புதிதல்ல. இறைச்சி ஆணத்தில் ரொட்டியை ஊறவைத்த ஸரீத் நபி (ஸல்) அவர்கள் காலத்து உணவு. ஹரீஸும் ஹலீமும் அதே குடும்பம். நோன்புக் கஞ்சியில் கோதுமைக்குப் பதில் அரிசி, அவ்வளவுதான்.

இறைச்சியில் கவனிக்க வேண்டியவை

தானியம், காய்கறி போன்றவை தடை என்று ஆதாரம் வரும்வரை கூடும். இறைச்சியின் நிலை வேறு. முறைப்படி அறுக்கப்பட்டது என்பது தெரியவேண்டும் என்பதே ஃபிக்ஹ் அறிஞர்கள் கூறும் அடிப்படை. ஆகவே கடைக்காரர் யாரென்று தெரியாத இடத்திலிருந்து வரும் இறைச்சி பாஸ்தாவை, பிள்ளை அழுகிறதே என்பதற்காக 'கூடும்' என்று சொல்ல நம்மால் இயலவில்லை.

இன்னொரு பக்கம், முஸ்லிம் கசாப்புக் கடைக்காரரிடம் வாங்கிய இறைச்சியைத் துருவித் துருவி விசாரிக்கும் வஸ்வாஸும் சிலரிடம் இருக்கிறது. சிலர் கொண்டுவந்து தரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா இல்லையா என்று தெரியவில்லையே என நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. கொண்டுவந்தவர்கள் இஸ்லாத்தைப் புதிதாக ஏற்றவர்கள். நீங்கள் அல்லாஹ்வின் பெயரைக் கூறி உண்ணுங்கள் என்ற கருத்திலேயே பதில் அமைந்தது (புகாரி). நம் தெருக் கடைக்காரரை நம்பி வாங்குவதற்கு இது போதும்.

கொத்துக்கறியில் சிவப்பாக நீர் கசிவதைப் பார்த்துச் சிலர் பதறுகிறார்கள். குர்ஆன் தடுத்திருப்பது ஓடும் இரத்தத்தை. அறுத்தபின் தசைக்குள் தங்கும் சிவப்பில் குற்றமில்லை. அந்த நிறமே பெரும்பாலும் தசையிலுள்ள ஒரு புரதத்தினுடையது, இரத்தத்தினுடையதல்ல. கொத்திய பிறகு கழுவினால் சாறும் சுவையும் தண்ணீரோடு போய்விடும். முழுத்துண்டாக வாங்கிக் கழுவி, நீரை நன்றாக வடித்து, பிறகு மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று சுற்றுவதே நல்லது. வெளிநாட்டில் வாழும் நம் சகோதரர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பன்றி இறைச்சி அரைத்த எந்திரத்தில் நம் இறைச்சியும் அரைபடுமோ என்ற கவலை இருக்காது. சிங்கப்பூரில் முயிஸ், மலேசியாவில் ஜாகிம் வழங்கும் ஹலால் முத்திரை உள்ள பொட்டலமாக வாங்கினால் அந்தச் சிரமமும் வேண்டாம்.

மற்ற பொருட்களில் ஒளிந்திருப்பவை

இத்தாலியச் சமையல் குறிப்புகள் பலவற்றில் இறைச்சியோடு சிவப்பு வைன் ஊற்றச் சொல்கிறார்கள். "கொதித்தால் ஆல்கஹால் ஆவியாகிவிடும்" என்பது வழக்கமான சமாதானம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, உணவில் கலந்து அரைமணி நேரம் வேகவைத்த பிறகும் ஏறத்தாழ 35 சதவீத ஆல்கஹால் தங்கியிருக்கிறது. இந்தக் கணக்கு இல்லாவிட்டாலும் தீர்ப்பு மாறாது. மதுவை வாங்குவதும் உணவில் ஊற்றுவதுமே ஹராம், அது நஜீஸும் ஆகும். அந்த வைன் தரும் புளிப்பைத் தக்காளியே தந்துவிடும்.

பாலாடைக்கட்டி, அதாவது சீஸ் விஷயத்தில் சற்று நிற்கவேண்டும். பாலை உறையவைக்கும் ரென்னட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படலாம், நுண்ணுயிர்களைக் கொண்டும் தயாரிக்கப்படலாம். முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் ரென்னட் ஷாஃபிஈ மத்ஹபில் அசுத்தம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் அது சுத்தமானது. இந்தியக் கடையில் வாங்குபவர்கள் பச்சைப் புள்ளி முத்திரையுள்ள சீஸை எடுத்தால் இரு மத்ஹபினருக்கும் பிரச்சினை இல்லை. இத்தாலியின் அசல் பர்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றின் ரென்னட் கொண்டே செய்யப்படுகிறது. ஷாஃபிஈகள் அதைத் தவிர்த்துக்கொள்வதே பேணுதல். சீஸே போடாமல் செய்தாலும் இந்த உணவுக்கு ஒரு குறையும் வராது.

இறக்குமதியாகும் மாட்டிறைச்சி ஸ்டாக் கட்டிகளை ஹலால் முத்திரை இல்லாமல் வாங்கவேண்டாம். உண்மையில் அது தேவையே இல்லை, பாத்திரத்தில் அசல் இறைச்சி இருக்கிறதே.

செய்முறை

ஐந்தாறு பேருக்கு அரைக்கிலோ கொத்துக்கறி, 400 கிராம் பாஸ்தா, இரண்டு பெரிய வெங்காயம், நன்கு பழுத்த தக்காளி நான்கு, ஒன்றரை மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் வேண்டும். மிளகாய்த்தூளும் மிளகுத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, சோம்புத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி. கரம் மசாலா வேண்டாம், போட்டால் கீமா ஆணத்தில் மக்ரோனி விழுந்ததுபோல் ஆகிவிடும். சோம்பை இத்தாலியர்களும் இறைச்சிக்குச் சேர்க்கிறார்கள்.

முடிந்தால் 200 கிராம் சுரைக்காயைத் துருவிச் சேருங்கள். தையற்காரர் ஒருவர் கொடுத்த விருந்தில், உப்புக்கண்டமும் சுரைக்காயும் சேர்ந்த ஆணத்திலிருந்து நபி (ஸல்) அவர்கள் சுரைக்காயைத் தேடித்தேடி எடுத்ததைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்றிலிருந்து அதை விரும்பத் தொடங்கினார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. காய் என்றாலே ஓடும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்லிப் பரிமாறலாம். துருவிப்போட்டதால் கண்ணுக்கும் தெரியாது.

பாஸ்தா வாங்கும்போது பொட்டலத்தில் 'டியூரம் கோதுமை' அல்லது ரவை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மைதா பாஸ்தா இரண்டு பாத்திர முறையில் ஒருவாறு தப்பித்துக்கொள்ளும், ஒரே பாத்திரத்தில் வேகவைத்தால் களியாகிவிடும். பென்னே போன்ற குழாய் வடிவமும் வளைந்த மக்ரோனியும் இதற்கு ஏற்றவை.

வெளிநாட்டுக் குறிப்புகளில் கொத்துக்கறியை ஐந்து நிமிடம் வதக்கி உடனே பாஸ்தாவைப் போடச் சொல்வார்கள். அங்கே இளம் மாட்டின் இறைச்சி. நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் வயதான மாடோ எருமையோ. அப்படிச் செய்தால் பாஸ்தா வெந்திருக்கும், கறி ரப்பர்போல் பல்லில் சிக்கும். எனவே ஐந்து லிட்டர் குக்கரையே பாத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

குக்கரில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கறியைப் பரப்பிப் போடுங்கள். உடனே கிளறவேண்டாம். முதலில் நீர் விட்டுக் கொதிக்கும். நீர் வற்றியதும் சத்தம் மாறிப் பொரியத் தொடங்கும், அடிப்பக்கம் பழுப்பாகும். சுவையில் பாதி இந்தப் பத்து நிமிடத்தில்தான் பிறக்கிறது. பிறகு வெங்காயம், இஞ்சி பூண்டு, தூள் வகைகள், கடைசியாகத் தக்காளியும் சுரைக்காயும் உப்பும். அடியில் ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி, ஐந்து விசில் விடுங்கள்.

ஆவி அடங்கியதும் திறந்து, பாஸ்தாவைப் போட்டு 900 மில்லி கொதிநீர் ஊற்றுங்கள். பாஸ்தா மூழ்கும் அளவே தண்ணீர் இருக்கவேண்டும். இனி மூடி போட்டு விசில் விடவேண்டாம். பாஸ்தா நுரைத்துப் பொங்கும், நுரை ஆவி போகும் துளையை அடைத்துக்கொள்ளும். திறந்த நிலையில் மிதமான தீயில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் வேகட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். தண்ணீர் முன்கூட்டியே வற்றினால் கால் டம்ளர் கால் டம்ளராகச் சேருங்கள். ஆணம் காய்ச்சினால் தண்ணீரை அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரை முஸ்லிமில் இருக்கிறது. பாஸ்தாவில் தண்ணீரைக் கூட்டினால் கஞ்சியாகிவிடும், ஆகவே அண்டை வீட்டாருக்காகப் பாஸ்தாவையே ஒரு பிடி கூட்டிப் போடவேண்டியதுதான்.

பக்கத்து வீட்டார் மாட்டிறைச்சி உண்ணாதவர்களாக இருந்தால் இதைக் கொடுத்தனுப்புவது உபசாரம் ஆகாது. ஆடு அறுத்த அன்று தம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டாரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர்கள் உண்ணக்கூடியதையே கேட்டுக் கொடுப்பதும் அந்த உரிமையில் அடங்கும். தக்காளியும் காயும் மட்டும் போட்டு வேறு பாத்திரத்தில் கொஞ்சம் செய்து அனுப்பலாம்.

பாஸ்தாவை வடித்து நீரைக் கொட்டும் முறையில் மாவுச்சத்தும் சேர்ந்து போய்விடுகிறது. இங்கே அது முழுவதும் பாத்திரத்திலேயே தங்கிச் சாற்றைக் கெட்டியாக்குகிறது. அதனால் கிரீம் தேவைப்படாது. நடுவில் இலேசான கடினம் இருக்கும்போதே அடுப்பை அணைத்து, சீஸ் தூவுவதென்றால் தூவி, மல்லித்தழை போட்டு ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். மீதிச் சாற்றைப் பாஸ்தா குடித்துக்கொள்ளும்.

பரிமாறும்போது ஆளுக்கொரு தட்டோடு ஆளுக்கொரு மூலைக்குப் போகாமல், வீட்டில் சஹன் இருந்தால் அதில் கொட்டி எல்லோரும் சுற்றி உட்காருங்கள். சமைத்தவரும் முதல் பிடியிலிருந்தே உடன் இருக்கவேண்டும். ஒரே பாத்திரச் சமையலில் அது சாத்தியம், ஏனென்றால் அடுப்பில் சுட்டுச்சுட்டுப் போட எதுவும் மிச்சமில்லை. சாப்பாடு வைக்கப்பட்ட நேரத்தில் இகாமத் சொல்லப்பட்டால் முதலில் சாப்பிடுவதற்கு ஹதீஸில் அனுமதி உண்டு. ஆனால் அதைத் தினசரி வழக்கமாக்கி ஜமாஅத்தை விடுவதற்கு இந்தக் குறிப்பைச் சாக்காகக் கொள்ளவேண்டாம். மக்ரிப் முடிந்ததும் வெங்காயம் நறுக்க ஓர் ஆண் கை சேர்ந்தால் இஷாவுக்கு நேரம் தாராளம்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள், இரவு முழுவதும் அடுப்பு மேடையில் விடவேண்டாம். காலையில் பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு எடுக்கும்போது இறுகியிருக்கும். இரண்டு கரண்டி கொதிநீர் தெளித்து, ஆவி பறக்கும் வரை ஒரே ஒருமுறை சூடாக்கினால் போதும்.