மனநோய்ச் சாலையும் உழைச்செல்வானும்

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குங்கால் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றும் எவரும் எண்ணிவிடக் கூடியவை. நான்காவதாக அவர் வைத்தது உழைச்செல்வானை. அருகில் நின்று மருந்தினைப் பிழையாது உதவுவோன் என்பது அச்சொல்லின் பொருள். வடமொழியிலுள்ள சரகசங்கிதையும் இந்நான்கினையே மருத்துவத்தின் கால்களாகக் கொள்ளும். அன்றியும், உழைச்செல்வானுக்குப் பணிவிடை பற்றிய அறிவு, திறமை, நோயாளிபால் அன்பு, தூய்மை என நான்கு இலக்கணங்களையும் அது வகுக்கும். அன்பொன்றே போதும் என்று கூறாது அறிவையும் உடன்வைத்த நுட்பம் நோக்கற்பாலது. அதன் பொருத்தத்தைப் பின்னர்க் காண்பாம்.

காய்ச்சலிற் கிடப்பவனுக்கும் கால் முறிந்தவனுக்கும் உறவினர் ஒருவர் துணைக்கு நிற்றல் நம்மிடையே வழக்கம். அதனை ஒருவரும் வியப்பதில்லை. ஆனால் சித்தம் கலங்கியவனுக்கென எழுந்த சாலைகளின் வரலாற்றைப் புரட்டினால், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உழைச்செல்வான் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தமை புலனாகும். அச்சாலைகளின் வரலாறு மருத்துவர் பெயராலும் சட்டங்களின் பெயராலும் எழுதப்பட்டுள்ளது. வாயிலில் நின்றவரைப் பற்றி அதில் அரைப் பக்கம் இருந்தாற் பெரிது. அவரைத் தேடிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1790 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஹன்னா மில்ஸ் என்னும் கைம்பெண் ஒருத்தி யோர்க் நகரத்து மனநோய்ச் சாலையிற் சேர்க்கப்பட்டாள். அச்சாலை 1777 இல் திறக்கப்பட்டது. ஜோன் கார் என்னும் புகழ்பெற்ற சிற்பி அமைத்த அழகிய கட்டடம். அவள் குவேக்கர் என்னும் சமயக் குழுவினள். உறவினர் தொலைவில் இருந்தமையால், யோர்க்கில் வாழ்ந்த குவேக்கர்களை அவளைச் சென்று பார்த்து வருமாறு வேண்டினர். அவர்களும் சென்றனர். நோயாளி பிறரைக் காணத்தக்க நிலையில் இல்லை என்று கூறி வாயிலிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பினர். ஏப்பிரல் மாத இறுதியில் அவள் இறந்தாள். சாலையிற் சேர்ந்து ஏழு வாரங்கூட நிறையவில்லை. உள்ளே அவளுக்கு யாது நிகழ்ந்தது என்பதை ஒருவரும் அறிந்திலர். அறியாமையே அவர்கள் நெஞ்சை அறுத்தது.

யோர்க்கிலே தேயிலையும் கோப்பியும் விற்ற வில்லியம் ரியூக் என்னும் குவேக்கர் அப்பொழுது அறுபதை நெருங்கிய வயதினர். மருத்துவம் கற்றவரல்லர். தம் குழுவினருக்கென வேறொரு சாலை வேண்டும் என்னும் எண்ணத்தை அவருக்கு ஊட்டியவர் அவர் மகளே என்பர். 1792 இல் அவர் அதனைத் தம் குழுவின் முன் வைத்தார். 1796 இல் முப்பது பேரளவில் தங்கத்தக்க 'ரிற்றீற்' என்னும் புகலிடம் திறக்கப்பட்டது. சங்கிலி அங்கே இல்லை. சாளரத்தின் இரும்புச் சட்டங்கள் மரச்சட்டம் போலத் தோன்றுமாறு செய்யப்பட்டிருந்தன. நோயாளர் தோட்டத்தில் வேலை செய்தனர். முற்றத்தில் முயலும் கோழியும் திரிந்தன. மேற்பார்வையாளரோடு அமர்ந்து தேநீர் அருந்தும் வழக்கமும் இருந்தது. சாலை ஒரு குடும்பம் போல் இயங்கவேண்டும் என்பது ரியூக்கின் கொள்கை. பிரான்சிய அறிஞர் மிசேல் பூக்கோ 1961 இல் எழுதிய நூலில், இரும்புச் சங்கிலிக்குப் பதிலாக நாணமும் அச்சமும் அங்கே சங்கிலியாயின என்று ரிற்றீற்றைக் கடிந்தனர். அக்கடிதலில் உண்மை ஒரு பகுதி உண்டு. ஆயினும் கணுக்காலில் இரும்பு இறுகி இருந்தவனிடம் இரண்டுக்கும் வேறுபாடு உண்டோ என்று கேட்டிருப்பின் அவன் வேறு விடை கூறியிருப்பான் என்றே எண்ணத் தோன்றுகிறது.

பழைய யோர்க் சாலையின் கதை இன்னும் முடியவில்லை. வில்லியம் ரியூக்கின் பெயரன் சாமுவேல் ரியூக் 1813 இல் ரிற்றீற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தம்மைக் குத்திக்காட்டவே அந்நூல் எழுதப்பட்டது என்று சினந்த பழைய சாலையின் மருத்துவர் செய்தித்தாளிலே வாதம் தொடங்கினார். அதே ஆண்டில் அச்சாலையிலிருந்து மீண்ட விக்கர்ஸ் என்னும் ஏழை ஒருவனின் மனைவி உதவி வேண்டி நீதவான் கொட்பிரி ஹிகின்ஸ் என்பவரை நாடினாள். அவனைச் சோதித்தபோது உடலெங்கும் பேனும் முதுகிற் கசையடித் தழும்பும் காணப்பட்டன. ஹிகின்ஸ் விடவில்லை. அவ்வாண்டு இறுதியில் சாலையின் ஒரு பகுதி தீப்பற்றி நோயாளர் சிலர் மாண்டனர். 1814 இல் அவர் தாமே உள்ளே சென்று ஒவ்வோர் அறையாகத் திறக்கச் சொன்னார். ஒரு கதவண்டை வந்ததும் திறவுகோல் காணவில்லை என்று காவலர் தயங்கினர். அடுக்களையில் நெருப்புக் கிளறும் இரும்புக்கோல் இருக்கிறது, அதுவே திறவுகோலாகும் என்றார் ஹிகின்ஸ். திறவுகோல் உடனே வந்தது. உள்ளே மலமும் ஈரவைக்கோலும் நிறைந்த சிற்றறைகள். இரவிலே அவற்றில் துயின்றவர்கள் பகலில் அடைபட்டிருந்த அறையைக் காட்டுமாறு கேட்டார். மாடியிலிருந்த ஒரு சிற்றறையில் 13 பெண்கள் இருந்தனர்.

பார்வையாளரை மறுத்த அதே சாலை இது என்பதை மறக்கலாகாது. நோயாளியின் நன்மைக்காக என்று கூறி அடைத்த கதவு எவருடைய நன்மைக்கு அடைக்கப்பட்டது என்பது 24 ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. இலண்டன் பெத்லெம் சாலையின் கதையும் இதனைப் போன்றதே. பதினெட்டாம் நூற்றாண்டிலே அங்கு சென்று பித்தரை வேடிக்கை பார்த்தல் நகரமாந்தர் பொழுதுபோக்குகளுள் ஒன்றாயிருந்தது. அவ்விழிசெயலை ஒழிக்க 1770 இல் பார்வையாளர் வரவு வெகுவாகக் கட்டுப்படுத்தப்பட்டது. செய்தது நன்றே. ஆனால் வேடிக்கை பார்ப்போரோடு வெளியுலகின் கண்ணும் அங்கிருந்து மறைந்தது. 1814 இல் எட்வேட் வேக்பீல்ட் என்பவர் உள்ளே சென்றபோது, ஜேம்ஸ் நொறிஸ் என்பவர் கழுத்திலும் தோளிலும் இரும்புப் பட்டைகள் பூட்டப்பட்டுக் கம்பத்தோடு பிணைக்கப்பட்டிருந்தார். அவ்வாறு பல ஆண்டுகள் கழிந்திருந்தன. மறு ஆண்டு பாராளுமன்றக் குழு விசாரணை செய்தது.

மருத்துவர்பால் நியாயமே இல்லை என்று கூறிவிடலும் பொருந்தாது. 1788 இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் சித்தம் கலங்கியபோது, அவரை மேற்கொண்ட வில்லிஸ் என்னும் மருத்துவர் அரசியிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் அவரைப் பிரித்தே வைத்தார். மறு ஆண்டு மன்னர் தேறினார். பிரித்தலே மருந்து என்ற கொள்கைக்கும் மதிப்பு உயர்ந்தது. பிரான்சிலே எஸ்க்கிரோல் அதனை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். நோயை விளைத்த சூழலிலிருந்தும் மனிதரிடமிருந்தும் நோயாளியை விலக்குதலே சிகிச்சையின் முதற்படி என்பது அவர் துணிபு. 1838 ஆம் ஆண்டுப் பிரான்சியச் சட்டத்தில் அவர் செல்வாக்குப் பெரிது.

குடியேற்ற ஆட்சியாளர் நம் நாடுகளுக்குக் கொண்டுவந்தது இக்கோட்பாட்டையே. சென்னைக் கீழ்ப்பாக்கம் சாலை 1871 இல் எழுந்தது. இலங்கையின் பைத்தியக்காரர் கட்டளைச் சட்டம் 1873 இல் இயற்றப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் கொழும்பை அடுத்த அங்கொடையில் பெருஞ்சாலை எழுந்து நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. ஊரார் நாவில் அங்கொடை என்பது ஊரின் பெயராகவே நிற்கவில்லை. ஒருவனைத் தள்ளிவைக்கும் வசைச்சொல்லாயிற்று. வடபுலத்தார் ஒருவரை அங்கே சேர்த்தால், அவரைப் பார்க்க ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவு மெயில் வண்டியிற் செல்லவேண்டும். போய்வரும் செலவு, விடுப்பு, அயலார் கேள்வி ஆகியவற்றுக்கு அஞ்சியோர் பலர். மாதத்துக்கு ஒருமுறை என்பது ஆண்டுக்கு ஒருமுறையாகிப் பின்னர் நின்றுவிடும். யோர்க்கிலே கதவு செய்த வேலையை இங்கே தொலைவு செய்தது.

இந்நிலை திரும்பிய இடம் ஐரோப்பா அன்று. 1950 களிலே பஞ்சாபின் அமிர்தசரஸ் மனநோய் வைத்தியசாலைக்குப் பொறுப்பாயிருந்த வித்யாசாகர் என்னும் மருத்துவர், இடநெருக்கடியும் ஆட்குறைவும் மிகுந்த சாலையில் ஒரு புதுமை செய்தார். வளவினுள் கூடாரங்களை அடித்து, நோயாளரின் உறவினரையே அவர்களோடு வந்து தங்கச் செய்தார். ஆட்பற்றாக்குறைக்குக் கண்ட வழி எனினும் விளைவு அதனிலும் பெரிது. தாயோ மனைவியோ அருகிருந்தமையால் நோயாளியின் அச்சம் தணிந்தது. நோய் எவ்வாறு வருகிறது, எவ்வாறு தணிகிறது என்பதை வீட்டார் கண்ணாரக் கண்டனர். பேய் என்றும் சூனியம் என்றும் கொண்டிருந்த எண்ணம் நெகிழ்ந்தது. அவர்களை மாலையில் ஒருங்கே அமர்த்தி மருத்துவர் விளக்கவும் முடிந்தது. அதே காலத்தில், 1957 இல், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து பாகாயத்தில் எழுந்த மனநல நிலையம், உறவினர் ஒருவரேனும் உடன்தங்குதலைத் தன் முறையாகவே ஆக்கிக்கொண்டது. அங்கே சிறு குடில்களிற் குடும்பத்தார் சமைத்து உண்டு நோயாளியோடு வாழ்ந்தனர். இலவசமாகக் கிடைத்த ஒரு மருந்தை மேலைநாட்டார் இருநூறு ஆண்டு எறிந்திருந்தனர் என்றால் மிகையாகாது.

ஆயினும் உடனிருத்தல் ஒன்றே நலம் பயக்கும் என்று கருதுதல் தவறு. இங்கேதான் சரகர் அறிவையும் உடன்வைத்தமை நினைவுக்கு வருகிறது. இலண்டனில் ஜோர்ஜ் பிறவுண் என்பவரும் அவர்தம் கூட்டாளரும், சாலையிலிருந்து வீடு திரும்பிய மனப்பிளவு நோயாளரை ஆராய்ந்து 1972 இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஓயாது குறை கூறியும் வெறுப்புக் காட்டியும், அன்றேல் அளவுகடந்து அழுது அலைக்கழிந்தும் நின்ற உறவினரிடம் திரும்பியோரில் நூற்றுக்கு 58 பேருக்கு ஒன்பது மாதத்தினுள் நோய் மீண்டது. அமைதியான வீட்டுக்குத் திரும்பியோரில் அத்தொகை 16. அளவுமிஞ்சிய அன்பும் குறை கூறும் நாவோடு ஒரே நிரலில் எண்ணப்பட்டமை நம் தாய்மார் பலருக்கு வியப்பாகலாம். இதனால் உறவினரே நோயை விளைத்தனர் என்று கொள்ளலாகாது. எஸ்க்கிரோல் கண்டதில் உண்மையும் இருந்தது. அதற்கு அவர் கண்ட மருந்தே தவறு. உறவினரை விலக்குவதினும் அவருக்குக் கற்பித்தல் நன்று என்பது பின்னெழுந்த ஆய்வுகளாலும் உறுதிப்பட்டது.

உழைச்செல்வான் முற்றாக நீங்கினால் யாது நிகழும் என்பதற்குத் தமிழகமே சான்று தந்தது. 2001 ஆம் ஆண்டு ஆகத்து 6 ஆம் நாள் விடியலில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிலே, தனியார் நடத்திய ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. உள்ளே கிடந்தோர் சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். ஏர்வாடித் தர்காவுக்கு நோயாளரைக் கொண்டுவந்து உடன்தங்கிய குடும்பங்கள் பல உண்டு. கொட்டகைகளில் இருந்தோரோ பணங்கட்டி விடப்பட்டவர்கள். தீ எழுந்தபோது சங்கிலியை அவிழ்க்க அருகில் ஒருவர் இல்லை. அதன்பின் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து இவ்விடயத்தை எடுத்துக்கொண்டது. சங்கிலியிடுதலை 2017 ஆம் ஆண்டு இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கியது.

நம் நாட்டிலும் காலம் மாறியது. தெல்லிப்பழை வைத்தியசாலையில் மனநோய்ப் பிரிவு ஏற்பட்டமையால் வடபுலத்தார் பலர் தொலைப்பயணத்தினின்றும் விடுபட்டனர். அவ்வாறான ஒரு பிரிவிலே இக்கட்டுரையை எழுதுவோனும் தன் தமையனார்க்குத் துணையாக மூன்று வாரம் நின்றதுண்டு. செய்தவை சிறியன. குளிசையை விழுங்கினாரா என்று நாவின்கீழ்ப் பார்த்தல். எத்தனை மணிக்கு உறங்கினார் என்று ஒரு கொப்பியிற் குறித்தல். கை நடுங்கத் தொடங்கியபோது அது மருந்தின் விளைவாகலாம் என்று தாதியிடம் கூறுதல். அயற்கட்டிலிற் கிடந்து ஒருவரும் பார்க்க வராத முதியவருக்கும் ஒரு கோப்பை தேநீர் வாங்கி வருதல். முதல் வாரம் அண்ணர் வாய் திறக்கவில்லை. அவர் பேசாமலிருக்க யான் பேசிக்கொண்டிருந்தது பெரும் பிழை என்பதை, ஒருநாள் தாதி தனியே அழைத்து, "தம்பி, கொஞ்சம் சும்மா இருந்து பாருங்கோ" என்றபோதே உணர்ந்தேன். மறுநாள் தொட்டுப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு வாளாவிருந்தேன். இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று எழுந்த வேளையில், அவர் சுவரைப் பார்த்தபடியே, "நாளைக்கும் வருவியோ?" என்று கேட்டார்.