வீட்டில் விழுந்த அடி

பள்ளியில் சக மாணவனை ஓயாமல் வதைப்பதைச் சிறுவர் குறும்பு என்றே உலகம் நெடுநாள் எண்ணியிருந்தது. 1970-களில் ஸ்வீடனில் டான் ஓல்வேயஸ் என்ற உளவியலறிஞர் இதை முறையாக ஆராய்ந்தார். அடியும் அன்பின்மையும் நிறைந்த வீட்டில் வளரும் சிறுவரிடம் முரட்டுத்தனம் மிகுந்திருக்கக் கண்டார். 1979-ல், பெற்றோரும் குழந்தைகளை அடிக்கலாகாது என ஸ்வீடன் உலகிலேயே முதன்முதலாகச் சட்டம் இயற்றியது.

1982-ல் நார்வேயில் சிறுவர் மூவர் தற்கொலை செய்துகொண்டனர். சக மாணவரின் கொடுமையே காரணமெனக் கருதப்பட்டது. நாடெங்கும் தடுப்பு இயக்கம் தொடங்கியது. பெர்கன் நகரில் ஓல்வேயஸ் வகுத்த திட்டத்தால் இரண்டாண்டுகளில் கொடுமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

2001-ல் அமெரிக்காவில் ஷீல்ட்ஸ், சிக்கெட்டி ஆகியோர் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். வீட்டில் துன்புற்ற குழந்தைகள் பள்ளியில் பிறரை வதைப்பதும் மிகுதி. பிறரால் வதைபடுவதும் மிகுதி. உணர்ச்சிகளை அடக்கியாள இயலாமையே இரண்டுக்கும் பாலமாக நின்றது.

அடிபட்ட குழந்தைகள் எல்லாரும் முரடராவதில்லை. ஆயினும், முரட்டு மாணவனைத் தண்டிக்குமுன் அவன் வீட்டு நிலையையும் விசாரித்தறிவது நம் கடமையன்றோ?