கதிர் தந்த வாழ்வும் கதிர் வைத்த கடனும்

மருத்துவ வரலாற்றில் 1922ஆம் ஆண்டை நாம் இரு காரணங்களுக்காக நினைத்தல் வேண்டும். குரல்வளையில் முற்றிய புற்றுநோயையும் எக்ஸ் கதிரால் குணப்படுத்தலாம் என்பதைப் பாரிஸ் ரேடியம் நிலையத்தின் வைத்தியர் ஆன்ரி கூத்தார் அவ்வாண்டில் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில், அந்நிலையத்து அறிஞர் கிளாடியஸ் ரெகோ, கதிர் பட்ட தாடையெலும்பு பின்னாளில் நைந்து மடிவதைப் பதிவு செய்தார். வரமும் அதன் விலையும் ஓரிடத்திலேயே வெளிப்பட்டன.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்ட பின்னர், வைத்தியர் பலர் ஒரே முறையில் பெருமளவு கதிரைச் செலுத்தினர், தோல் வெந்தது. சிறுகச் சிறுகப் பகுத்துச் செலுத்தினால் நோய் அழியும், தோல் பிழைக்கும் என்பதை ரெகோவின் விலங்குச் சோதனைகள் உணர்த்தின. இன்று ஆறேழு வாரம் நடைபெறும் சிகிச்சைக்கு அடிப்படை அந்நெறியே.

ஆயினும் கடன் முற்றும் தீரவில்லை. வாய்ப்புண் சில வாரங்களில் ஆறிவிடும். கதிர் பட்ட நுண்ணிய இரத்தக் குழாய்களோ ஆண்டுக்கணக்கில் சுருங்கக்கூடும். சிலருக்கு உமிழ்நீர் வற்றும், பல் சொத்தையாகும், வாய் திறப்பதும் விழுங்குவதும் கடினமாகும், தைராய்டுச் சுரப்பி தளரும். இரத்தமும் பிராணவாயுவும் குறைந்த தாடையெலும்பு காயத்தை ஆற்ற வலிமையற்றது என்று அமெரிக்க வைத்தியர் ராபர்ட் மார்க்ஸ் 1983இல் விளக்கினார். ஆகவேதான், சிகிச்சைக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிடுங்கிய ஒரு பல்லும் ஆறாப் புண்ணாகக் கூடும்.

காதருகேயுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியை விலக்கிக் கதிரைச் செலுத்தினால் வாய் வறட்சி குறையும் என்பதைப் பிரிட்டனில் நடந்த ஆய்வொன்று 2011இல் மெய்ப்பித்தது.

புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் நாட்டில் வாய்ப்புற்று மிகுதி. சென்னையில் 1934இல் பர்னார்டு கதிரியல் நிலையமும், பம்பாயில் 1941இல் டாட்டா நினைவு மருத்துவமனையும் தோன்றின. ஓரூரில் சிகிச்சை பெற்று, பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் குடியேறும் நம்மவர்க்கு ஓர் இடர் உண்டு: புதிய ஊரின் பல் வைத்தியர் பழைய கதையை அறியார். எந்த ஆண்டில், எப்பக்கத்தில், எவ்வளவு கதிர் பெற்றோம் என்ற சீட்டைக் குடும்ப அட்டையைப் போல் காத்து வைப்போம். இருபது ஆண்டுகள் கழிந்தாலும், பல்லைப் பிடுங்குமுன் அதனைக் காட்டுவோம். சிகிச்சை தொடங்குமுன்பே பற்களைச் சீர் செய்துகொள்வதும், பின்னர்த் தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனையைத் தவறாது செய்வதும் நலம்.

உயிரை மீட்ட கதிரைப் பழித்தல் தகாது. அது வைத்துச் சென்ற கடனை மறத்தலும் தகாது.