பாடு, அட்வான்ஸ், வருகை: பழவேற்காட்டு டிசம்பர் பற்றிச் சில குறிப்புகள்

கிறிஸ்துமஸ் வணிகமயமாகிவிட்டது என்கிற புலம்பல் ஒவ்வொரு டிசம்பரிலும் கேக் மாதிரித் தவறாமல் வந்துவிடுகிறது. பிரசங்க மேடை வழக்கம்போலத் தனிமனித ஆசையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது: ஆடம்பரத்தை விடுங்கள், திருவருகைக் காலத்தில் மனசைத் தயார் பண்ணுங்கள். ஆனால் பிரச்சினை ஆசையில் இல்லை. காத்திருக்கிற காலம் யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களை வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம்.

திருவருகைக் காலம் தொடக்கத்தில் நோன்புக் காலம். 5ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் பெர்பெத்துவஸ், நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்து பிறப்பு வரை வாரம் மூன்று நாள் நோன்பு என்று விதித்தார். இன்றைக்கும் மிச்சமிருப்பவை ஊதா உடை, வானவர் கீதம் பாடாத ஞாயிறுகள். இடைக்காலத்தில் இந்தச் சபையின் காலத்துக்கும் வணிகனின் காலத்துக்கும் நடந்த மோதலை ழாக் லெ கோஃப் 1960இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். வட்டி வாங்குகிறவன் விற்பது காலத்தை, காலம் கடவுளுடையது, ஆகவே அது திருட்டு என்றது சபை. (அதே சபை குடியானவனிடம் தசமபாகம் கறந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.)

பழவேற்காட்டில் காத்திருப்பதற்கு ஒரு சொல் இருக்கிறது: பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் சுத்துவலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. மாதாகுப்பம் பெயரிலேயே மாதாவை வைத்திருக்கிற ஊர். மற்ற ஊர்களோடு அதுவும் ஒரே முறைக்குள் நிற்கிறது. இறால் நல்ல இடத்தில் கிடைக்கிறதென்று ஒருவர் நினைத்த நேரத்தில் போய் வலை கட்ட முடியாது. 'பாடு வரட்டும்' என்று உட்கார்ந்திருக்க வேண்டும். கிறிஸ்தவத் தமிழில் பாடு என்றால் வேதனை, கிறிஸ்துவின் பாடுகள். ஏரித் தமிழில் முறை. பாடுபடுவது என்றால் உழைப்பு. வேதனை, முறை, உழைப்பு மூன்றும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. திருவருகையை விளக்குகிற பிரசங்கம் எதுவும் இந்தச் சொல்லைத் தொட்டு நான் கேட்டதில்லை.

வணிகம் இங்கே நேற்று வந்ததல்ல. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர். மகிமை மாதா கோயிலின் தொடக்கத்தை 1515 என்று சொல்வது வழக்கம். பிறகு டச்சுக் கம்பெனி, 1613இல் கெல்திரியா கோட்டை. இங்கிருந்து துணி போனது, மனிதர்களும் போனார்கள். பஞ்ச காலங்களில் தம்மையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களைக் கம்பெனி அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு ஏற்றியது. வேடிக்கை என்னவென்றால், அதே 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நகரசபைகள் சில, புனித நிக்கலஸ் திருநாளுக்குப் பொம்மையும் இனிப்பும் விற்பதைப் போப்பாண்டவர் மூடநம்பிக்கை என்று தடைசெய்துகொண்டிருந்தன. ஊரில் பொம்மை விற்கக்கூடாது. பழவேற்காட்டில் ஆள் விற்கலாம்! அந்த டச்சு நிக்கலஸ்தான் பின்னாளில் நியூயார்க் போய் சாண்டா கிளாஸ் ஆகி, 1931இலிருந்து கோக்கோ கோலா விளம்பரத்தில் சிவப்பு உடையோடு சிரித்து, இப்போது பிளாஸ்டிக் முகமூடியில் கிறிஸ்துமஸ் தாத்தாவாகக் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறார்.

இன்றைய கடன் அவ்வளவு அப்பட்டமாக இருப்பதில்லை. அதன் பெயர் அட்வான்ஸ். வலைக்கு, படகுக்கு, இன்ஜினுக்கு, கல்யாணத்துக்கு, டிசம்பர் வந்தால் பண்டிகைக்கு வியாபாரி பணம் கொடுக்கிறார். பல நேரம் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் உறவு முறிந்துவிடும். உறவு முறிந்தால் பிடிக்கிற இறால் அவர் சொன்ன விலைக்கு அவர் தராசுக்கு வராது. கொடை என்பது பெற்றவனைக் கட்டிப்போடுகிறது என்று மார்செல் மோஸ் 1925இல் எழுதியதைப் புரிந்துகொள்ளக் குப்பத்துக்காரருக்கு பிரெஞ்சு தேவையில்லை. அட்வென்ட், அட்வான்ஸ் இரண்டும் ஒரே வேர்போலக் காதில் விழுகின்றன. உறவில்லை. ஒன்று 'வந்துசேர்வது' என்னும் லத்தீன் சொல். மற்றது 'முன்னாலிருந்து' என்பதிலிருந்து வந்தது. அதில் 'ட்' பிற்காலத்தில் தப்பாக நுழைந்த எழுத்து. வரப்போவதற்காகக் காத்திருப்பது ஒன்று, வரப்போவதை இப்போதே எழுதி வாங்கிக்கொள்வது மற்றொன்று. இன்னும் வராத பாட்டின் இறால் ஏற்கெனவே விற்றாகிவிட்டது.

அந்தப் பணத்தில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதை நுகர்வு வெறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடுச்சாமப் பூசையில் பழைய பாவாடையோடு நிற்கிற பிள்ளையை எல்லார் கண்ணும் பார்க்கும். 'வருஷத்துல ஒரு நாளு, அதுவும் இல்லன்னா எப்டி?' என்கிற தாயின் கேள்விக்கு எளிமைப் பிரசங்கத்தில் பதில் கிடையாது. டிசம்பர் புயல் மாதம் என்பதும் அதில் கிடையாது. 2023இல் திருவருகையின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. மிக்ஜாம் அப்போது சென்னைக் கடலுக்குப் பக்கத்தில் நின்றது, படகுகள் கரையில். 2004இல் பண்டிகைக்கு மறுநாள் சுனாமி. 2011இல் பண்டிகையன்றே, உல்லாசத்துக்கு வந்த 22 பேர் ஏரியில் படகு கவிழ்ந்து இறந்தார்கள்.

1839இல் ஹாம்பர்க்கில் யோகான் விக்கர்ன், 'எப்போ வரும், எப்போ வரும்' என்று நச்சரித்த ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து நாளுக்கொன்றாக ஏற்றினார். இன்று கடையில் இருபத்துநாலு சாக்லேட் அடைத்த காலண்டர் விற்கிறது. காத்திருப்பே சரக்காகிவிட்டது. அதற்கெதிராகப் பாட்டைத் தூக்கிப்பிடிக்கலாம் என்று ஒரு சபலம் எனக்கு இருந்தது. ஆனால் பாடு பட்டினவர் ஆண்களுக்கு. சாதிக்கு வெளியே இருப்பவருக்கும் பெண்ணுக்கும் முறை வருவதில்லை. முறை வராதவர்கள் எதற்காகக் காத்திருப்பது? ஏரியின் ஆழமில்லாத ஓரங்களில், பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பொறுக்குகிற இருளர் பெண்களின் டிசம்பரை எந்த நாட்காட்டியிலும் குறித்துவைக்கவில்லை.